சொல்ல வேண்டிய வலி

"கால்ல இருந்த வலி இப்ப முதுகுக்கு வந்துடுச்சு சிஸ்டர்."

முதுகுத்தண்டு வார்டில் வேலை பார்த்த காலம் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். சொல்பவரின் முகத்தில், ஆபரேஷன் வீணாகிவிட்டதோ என்ற கலக்கம் இருக்கும். உண்மையில் வலி இடம் மாறவில்லை. ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியதால் பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இழுத்த பழைய வலி போய்விட்டது. இப்போது வலிப்பது, எலும்பைத் தொடுவதற்காக விலக்கிப் பிடித்த முதுகுத் தசையும் அறுத்துத் தைத்த தோலும். இது ஆறுகிற வலி. முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருந்துவிட்டு, பிறகு நாளுக்கு நாள் இறங்கும்.

மாதக்கணக்கில் அழுத்தத்தில் கிடந்த நரம்பு தெளியும்போது பாதத்தில் சுருக் சுருக்கென்று குத்தும், எரியும். மரத்துப்போன உணர்வு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் போகும். சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடும். ஆபரேஷனுக்கு முந்தின நாளே நோயாளியை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லிவிட்டால், பாதி பயம் குறைந்துவிடுகிறது. பயம் குறைந்தவர்களுக்கு வலியும் குறைவாகத்தான் இருக்கிறது. நான் பார்த்தவரையில் இது மாறியதில்லை.

*

பொறுத்துக்கொள்வதை நம் வீடுகளில் பெரிய குணமாகச் சொல்லி வளர்க்கிறோம். பெண்களிடம் இன்னும் அதிகமாக.

"எப்படி இருக்கு பாட்டி?"

"இருக்கட்டும்மா. பரவால்ல."

பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் மருமகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ரெண்டு" என்பார். உள்ளங்கை வியர்த்திருக்கும். நாடி நூற்றைத் தாண்டியிருக்கும். கட்டில் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்களில் ரத்தம் வற்றி வெளுத்திருக்கும். கேஸ் ஷீட்டில் அந்த இரண்டை மட்டும் எழுதிவிட்டுப் போனால், ராத்திரி முழுக்க அந்த அம்மாள் கண்ணை மூடமாட்டார்.

அதனால் எண்ணோடு நிறுத்தாமல் வேறு கேள்விகளும் கேட்பேன். திரும்பிப் படுக்க முடிகிறதா? ஆழமாக மூச்சை இழுக்க முடிகிறதா? இருமினால் எங்கே பிடிக்கிறது? தூக்கம் வந்ததா? வலியைக் குறைப்பது நோயாளியைச் சும்மா கிடக்க வைப்பதற்காக அல்ல. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவருக்கு நுரையீரலில் சளி தங்கும். காலை அசைக்காமல் கிடப்பவருக்குக் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறையும். அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வலி மருந்து கொடுப்பது நோயாளி எழுந்து நடப்பதற்காக.

வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த டாக்டர் பால் பிராண்டை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயில் விரல்கள் தேய்ந்து போவதற்கு முக்கியக் காரணம் வலி தெரியாமல் போவதுதான் என்று கண்டு சொன்னவர். சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் ஆணி குத்தினாலும் தெரியாததால், காயத்துக்கு மேல் காயம் பட்டுக்கொண்டே இருக்கும். பிற்பாடு அமெரிக்காவில், அழுத்தம் கூடினால் எச்சரிக்கும் செயற்கை வலிக் கருவியைச் செய்ய முயன்றார். அது சரிப்படவில்லை. செய்ய நினைத்த வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால், நோயாளிகள் அதை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். வலியின் மதிப்பை அவரைப் போல அருகிலிருந்து பார்த்தவர்கள் குறைவு. ஆனால் வலியை மதிப்பது வேறு, அதை வாய் திறக்காமல் விழுங்குவது வேறு. விழுங்கிய வலியால் யாருக்கும் எந்தச் செய்தியும் போய்ச் சேர்வதில்லை.

*

மருந்தைப் பற்றி.

வலி உச்சிக்கு ஏறிய பிறகு அதை இறக்குவது கடினம். ஏறும் முன்பே, மணி பார்த்து மருந்து கொடுக்க வேண்டும். "இப்ப வலி இல்ல சிஸ்டர், மாத்திரை வேணாம்" என்று இரவு பத்து மணிக்கு மறுப்பவர், இரண்டு மணிக்கு அழுகிறார். ஒரே மருந்தை அதிகமாகக் கொடுப்பதைவிட, வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மூன்று மருந்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுப்பது நல்லது. டென்மார்க்கின் அறுவை சிகிச்சை நிபுணர் ஹென்ரிக் கேலட் 1990-களில் இதை வலியுறுத்தி எழுதினார். இன்று பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இதுதான் நடைமுறை. அடித்தளமாகப் பாராசிட்டமால்; பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது, கல்லீரல் கெட்டவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் அதைவிடக் குறைவு. நரம்பு எரிச்சலுக்குச் சிலருக்கு வேறு மாத்திரை. தையல் போடும்போதே காயத்தைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி. இவற்றையும் மீறி வலித்தால் டிராமடால், மார்ஃபின்.

மார்ஃபின் என்றதும் குடும்பமே நடுங்குகிறது. "பழகிடுமே?" அந்த பயத்தில் நியாயம் இருக்கிறது, வீட்டுக்குப் போன பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்தால் பழகத்தான் செய்யும். ஆனால் ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள், அளந்து, கண்காணித்துக் கொடுக்கும்போது அதை மறுப்பது நோயாளிக்குச் செய்யும் கொடுமை. நம் நாட்டில் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. புற்றுநோயாளிகள் துடித்தார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு மருத்துவத் தேவைக்கு வழி இலகுவானது. சட்டம் மாறினாலும் மனதில் உள்ள பயம் இன்னும் போகவில்லை.

சில ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் கையிலேயே பொத்தான் கொடுத்துவிடுகிறார்கள். வலிக்கும்போது அழுத்தினால் இயந்திரம் சிறு அளவு மருந்தைச் செலுத்தும். அதற்குப் பிறகு சில நிமிடங்கள் எத்தனை முறை அழுத்தினாலும் கொடுக்காது. நோயாளி மயங்கித் தூங்கிவிட்டால் பொத்தானை அழுத்தமாட்டார், மருந்தும் போகாது. அந்தப் பாதுகாப்பு முழுக்க அவர் விரலில்தான் இருக்கிறது. அம்மா தூங்குகிறாரே, விழிக்கும்போது வலிக்கக்கூடாதே என்று பாசத்தில் மகள் அழுத்திவிட்டால், மூச்சு மந்தப்பட்டு நின்றுபோகக்கூடும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற வலி மாத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக் போன்றவை நன்றாகக் கேட்கும்; டாக்டர் எழுதினால் சில நாட்கள் எடுக்கலாம். ஆனால் அவை ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கின்றன. ரத்தக் கசிவு கூட வாய்ப்பு உண்டு. சிறுநீரகத்தையும் வயிற்றையும் பாதிக்கும். திருகாணி பூட்டி எலும்பை எலும்போடு சேர்த்திருந்தால், அதிக அளவில் தொடர்ந்து எடுக்கும்போது எலும்பு கூடுவது தாமதமாகலாம் என்று அறுவை நிபுணர்கள் தயங்குகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மாத்திரை உங்களுக்கு ஆகாமல் போகலாம்.

*

திரும்பிப் படுப்பது ஒரு தனிக் கலை. அதை யாரும் அவசரமாகச் சொல்லிக்கொடுக்கக்கூடாது.

முதலில் முழங்கால் இரண்டையும் மடிக்க வேண்டும். கைகளை மார்பின் மேல் கட்டிக்கொள்ள வேண்டும். தோளும் இடுப்பும் முழங்காலும் ஒரே நேரத்தில், ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும். தோள் முந்தி இடுப்பு பின்தங்கினால் முதுகு முறுக்கிக்கொள்ளும். நோயாளி வீல் என்று கத்துவார். திரும்பியதும் கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. எழுந்திருக்கும்போது இரு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே வேகத்தில் கையை ஊன்றி எழ வேண்டும். எழுந்ததும் நிற்கக்கூடாது. ரத்தம் போன உடம்பு, தலை சுற்றும். கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண் இருட்டவில்லை என்று தெரிந்த பிறகு நிற்க வேண்டும்.

கற்றுக்கொண்டவர்கள் பாதி ஊசி இல்லாமலே சமாளித்துவிடுகிறார்கள்.

*

இனி ரத்தம்.

முதுகெலும்பின் உட்புறம் நரம்பு உறையைச் சுற்றி, மெல்லிய சுவர் கொண்ட சிரைகள் வலையாகப் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் வால்வு கிடையாது. ரத்தம் எந்தத் திசையிலும் ஓடலாம். ஆஸ்கர் பேட்ஸன் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர் 1940-ல் இதை விளக்கினார். வயிற்றில் அழுத்தம் ஏறினால் அங்குள்ள ரத்தம் பின்வாங்கி இந்தச் சிரைகளுக்குள் வந்து நிரம்பும். அதனால்தான் ஆபரேஷனின்போது நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, மார்பையும் இடுப்பையும் மட்டும் தாங்கி, வயிற்றைத் தொங்கவிடுகிறார்கள். வயிறு மேசையில் அழுந்தினால் உள்ளே ரத்தம் நிற்காது.

வார்டிலும் இதே கணக்குதான். மலச்சிக்கலில் முக்குவதும் விடாமல் இருமுவதும் இந்தச் சிரைகளை வீங்க வைக்கும். மார்ஃபின் வகை மருந்துகள் மலத்தை இறுக்கும். ஆகவே வலி மருந்து எழுதும் நாளிலேயே மலமிளக்கியும் எழுதவேண்டும். நோயாளி கேட்க வெட்கப்பட்டாலும் நாம் கேட்க வேண்டும்.

முன்பெல்லாம் பெரிய ஆபரேஷன் என்றால் சொந்தக்காரர்கள் ரத்த வங்கி வாசலில் காத்துக் கிடப்பார்கள். இப்போது பலருக்கு அந்தத் தேவை குறைந்திருக்கிறது. அதற்கு ஒரு காரணம் ட்ரானெக்ஸாமிக் ஆசிட். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகும் பெண்களுக்கு நம்மூர் டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் அதே மருந்து. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் அது காக்கிறது. ஜப்பானில் ஷோசுகே ஒகமோட்டோ, உட்டாகோ ஒகமோட்டோ என்ற தம்பதி 1962-ல் அதை வெளியிட்டார்கள். போருக்குப் பிந்தைய வறுமையில், உட்டாகோ கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்தார். பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் தாய்மார்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவர் ஆசை. 2010-ல் 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அந்த மருந்தின் பயனை நிரூபித்தது. தாய்மார்களைப் பற்றிய பெரிய ஆய்வு 2017-ல் வந்தது. அதற்கு முந்தின வருடம் உட்டாகோ காலமாகிவிட்டார். முதுகில் கத்தி வைக்கும் முன்பு இந்த மருந்து ஏறும்போதெல்லாம் அவரை மனதுக்குள் வணங்கியிருக்கிறேன்.

*

காயத்தின் ஓரத்தில் ஒரு மெல்லிய குழாய் வெளியே வரும். அதன் முனையில் அமுக்கி மூடிய பிளாஸ்டிக் டப்பா. உள்ளிருக்கும் ஸ்பிரிங் விரிய விரிய, காயத்துக்குள் தேங்கும் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். ட்ரெய்ன் என்போம். ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் அளந்து, கொட்டி, மறுபடி அமுக்கி மூடி, எத்தனை மில்லி என்று எழுதுவோம். முதல் நாள் கெட்டியான சிவப்பு. மறுநாள் வெள்ளம் வடிந்த ஆற்றுநீர் போல நிறம் வெளுக்கும். அளவு போதுமான அளவுக்குக் குறைந்ததும், பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள்.

டப்பா மளமளவென்று நிரம்பினால் எல்லோரும் பதறுவார்கள். பதற வேண்டியதுதான். ஆனால் ட்ரெய்னில் திடீரென்று ஒன்றுமே வராமல் நிற்பதும் சமயத்தில் கெட்ட செய்தி. நோயாளி குழாயின் மேலேயே படுத்திருக்கலாம். மூடி சரியாக மூடாமல் உறிஞ்சும் விசை போயிருக்கலாம். ரத்தக்கட்டி உள்ளே அடைத்திருக்கலாம். இவற்றில் எதுவானாலும் ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தங்கலாம். "ரத்தம் நின்னுடுச்சு சிஸ்டர்" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷமாகச் சொல்லும்போது, நான் முதலில் குழாயைப் பார்ப்பேன். அடுத்து நோயாளியின் காலைப் பார்ப்பேன்.

வருவது தண்ணீர் போலத் தெளிவாக இருந்து, தலையைத் தூக்கினால் மண்டை பிளந்து, படுத்தால் குறைந்தால் அது வேறு சங்கதி. நரம்பு உறையில் சிறு கிழிசல் ஏற்பட்டு, மூளைத்தண்டுவடத் திரவம் கசியலாம். உடனே சொல்ல வேண்டும்.

*

நடுராத்திரியில் எழுப்பி "கால் பெருவிரலைத் தூக்குங்க" என்று நாங்கள் சொல்வது பலருக்கு எரிச்சல். "இப்பத்தானேம்மா கண்ணசந்தாரு?" என்று மனைவி கேட்பார். கேட்பது நியாயம்தான். ஆனால் பெருவிரலை மேலே தூக்குவது இடுப்புப் பகுதியின் ஐந்தாவது நரம்பு வேர். பாதத்தைக் கீழே அழுத்துவது அதற்கு அடுத்த நரம்பு. உள்ளே ரத்தம் தேங்கி நரம்பை நெருக்க ஆரம்பித்தால், காயத்தின் மேலிருக்கும் கட்டு காய்ந்தே இருக்கும், பஞ்சில் ஒரு சொட்டுக்கூட ஊறாது. கால்தான் முதலில் சொல்லும்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பலருக்குக் கொஞ்சம் ரத்தம் தேங்கியிருப்பது தெரியும். பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். நரம்பை நசுக்கும் அளவுக்குத் தேங்குவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவருக்கு நேரம்தான் எல்லாம். சில மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து ரத்தத்தை எடுத்துவிட்டால் கால் திரும்ப வாய்ப்பு அதிகம். தள்ளிப்போகப் போக அது குறையும்.

நாற்று நட்டே முதுகு போன ஒரு பெரியம்மாவை மறக்க முடியவில்லை. ஆபரேஷன் முடிந்த அன்று மாலை நன்றாகத்தான் பேசினார். இரவு, வழக்கமான மருந்து கொடுத்தும் வலி அடங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த பேத்திதான் வந்து, "ஆயா ஒரு மாதிரியா இருக்கு, காலை இழுத்து இழுத்துப் பார்க்குது" என்றாள். போய்ப் பார்த்தபோது ஒரு பாதம் மட்டும் தொய்ந்திருந்தது. உட்காரும் இடத்தில், மறைவிடத்தில் மரத்துப்போன மாதிரி இருக்கிறதா என்று காதருகே குனிந்து கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையை ஆட்டினார். சாயங்காலத்திலிருந்தே அப்படித்தானாம். ஆண் டாக்டரிடம் அதை எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டார். மூத்திரக் குழாய் போட்டிருந்ததால் சிறுநீர் தானாகப் பிரியாததும் வெளியே தெரியவில்லை. டாக்டரை அழைத்தோம்; ஸ்கேன் முடிந்த கையோடு தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் பாதம் அசைந்தது. சில வாரத்தில் வாக்கரைப் பிடித்து நடந்தார்.

அந்தப் பேத்திக்குப் பள்ளிக்கூட வயது. அவள் எந்த மருத்துவமும் படித்ததில்லை. ஆயாவின் வலி மாறிவிட்டதைப் பார்த்தாள், வந்து சொன்னாள்.

*

ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் எல்லாம் சேர்த்தி. நாட்டு மருந்து, லேகியம், மீன் எண்ணெய் மாத்திரை எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது, எப்போது திரும்ப ஆரம்பிப்பது என்பதை அறுவை நிபுணரும் இதய டாக்டரும் பேசி முடிவெடுப்பார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். தானாக ஆரம்பித்தால் முதுகுக்குள் ரத்தம் கசியலாம். இதில் ஊகத்துக்கு இடமில்லை.

*

மறுபடி வலிக்கே வருகிறேன். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களில், ஜன்னலில் மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடக் குறைவான வலி மருந்தோடு கொஞ்சம் சீக்கிரமாக வீட்டுக்குப் போனார்கள். எங்கள் வார்டில் ஜன்னல் பக்கக் கட்டில்களுக்குப் பெரிய போட்டி. அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் உண்டு. யாருக்கு வலி அதிகமோ அவருக்கு அந்தக் கட்டில் கிடைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டேன். மருந்துக்கு அது மாற்று அல்ல. ஆனால் விசிறிவிடுகிற கை, மெதுவாகப் பேசுகிற குரல், விளக்கை அணைத்துவிட்டுப் போகிற அட்டெண்டர், இவையெல்லாம் வலியைக் குறைக்கின்றன.

*

பக்கத்தில் இருக்கப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கொடுத்த மருந்துக்கு அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போனால், காலில் புதிதாக மதமதப்போ பலவீனமோ வந்தால், உட்காரும் இடம் மரத்தால், குழாய் எடுத்த பிறகு சிறுநீர் வரவில்லை என்றால், கட்டு ரத்தத்தில் நனைந்தால், காயத்தில் சீழோ தண்ணீரோ கசிந்தால், காய்ச்சல் அடித்தால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், எழுப்பியும் எழாமல் தூங்கினால் தாமதிக்காதீர்கள். வெட்கப்பட்டு மறைக்க விடாதீர்கள். சொல்ல முடியாத இடமானால் பெண் நர்ஸிடம் காதோடு சொல்லச் சொல்லுங்கள். வார்டில் இருந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். நாங்கள் விழித்துக்கொண்டுதான் இருக்கிறோம். வீட்டில் இருந்தால் 108-ஐ அழைத்து, ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்கே போகப் பாருங்கள். அது வெகு தூரமானால் பக்கத்திலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு. டிஸ்சார்ஜ் தாளையும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.